ஜோன் ஸ்ருவாட் மில் சரித்திரம்

மாணாக்கர் உள்ளத்திலே பாடங்களை மேன்மேலும் ஏற்றுதலே கல்வியென்று கருதுவார் எக்காலத்தும் உளர். அக்கருத்து ஒருவர் வாழ்க்கையிலே சோதிக்கப்பட்டவாற்றை ஆசிரியர்களாகிய அன்பர்கள் அறிதல் பயனுடைத்தாமென எண்ணி, ஜோன் ஸ்ருவாட் மில் என்னும் ஆங்கிலத் தத்துவ நூலாசிரியரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றாம்.

இவர் 1806ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி இலண்டன் நகரிலே பிறந்தார். பிதாவாகிய ஜேம்ஸ் மில் இவரைப் பாடசாலைக்கு அனுப்பாது தாமே கற்பித்தார். மூன்றாம் வயதிலே கிரேக்கமும், எட்டாம் வயதிலே இலத்தீனும், பன்னிரண்டாம் வயதளவிலே தருக்கமும் தொடங்கப்பட்டன. பிதா இந்திய சரித்திரம் எழுதிக்கொண்டிருந்த மேசையிலேயே புதல்வரும் இருந்து படிப்பர். கிரேக்கச் சொற்களுக்கு ஆங்கிலத்திலே பொருள்கூறும் அகராதி அந்நாளில் இல்லாமையால், அறியாத சொல் வருந்தோறும் பிதாவையே வினவுவர். இயல்பிலே பொறுமை குறைந்த அப்பெரியார் அவ்விடையூற்றையெல்லாம் தாங்கிக்கொண்டே தமது பெருநூலை எழுதி முடித்தனர். கற்பித்தலின் அருமையறிந்தார் இதனை வியவாதிரார். தங்கையர் தம்பியருக்குப் பாடஞ் சொல்லுதலும், அவர் தேர்ச்சிக்கு விடைகூறுதலும் சிறுவராகிய மில்லின் கடனாயின.

அக்கல்வியிலே அறிவுக்கு உணவு மிகுதியாய் இடப்பட்டது. நெஞ்சின் நெகிழ்ச்சியோ இகழப்பட்டது.

1823இல் இவர் கிழக்கிந்தியக் கம்பெனியாரது இலண்டன் கந்தோரிலே எழுதுவினைஞராய் அமர்ந்தார். மாந்தர் நலத்துக்காகிய சீர்திருத்தங்களே வாழ்வின் நோக்கமெனக் கொண்டு உழைத்தார். 1826ஆம் ஆண்டிலே, இருபதாம் வயதில், தாம் விரும்பிய சீர்திருத்தமனைத்தும் அக்கணமே நிறைவேறினும் தமக்கு இன்பமுண்டாகுமோவென்று தம்மைத் தாமே வினவினார். உண்டாகாதென்றே உள்ளம் விடைகூறிற்று. அன்றுமுதல் உண்ணினும் உறங்கினும் நீங்காத துயரொன்று பற்றிக்கொண்டது. முன் இனித்த நூல்களெல்லாம் சுவையற்றன. பிதாவினிடஞ் சொல்லவோ கூடாது. அவர் அரும்பாடுபட்டுச் செய்த கல்வி பழுதாயிற்றென்று அவருக்குக் காட்டுவது எங்ஙனம்? பகுத்தாராயும் பழக்கம் தம் உணர்ச்சியின் வேரையே அரித்துவிட்டதென்று அஞ்சினார்.

சிலமாதங் கழித்து, மார்மொந்தெல் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் தம் வரலாறு கூறும் நூலைப் படிக்கையில், தந்தையை இழந்த பாலன் குடும்பத்துக்குத் தானே யாவுமாவேனென்று துணிந்த பகுதியிலே இவர் கண்ணீர் வடித்தார். தம் நெஞ்சு கல்லன்றென்பது அப்பொழுதே தெரிந்தது. 1828இல் வேட்ஸ்வேத் என்னும் புலவர் பாடல்களைக் கற்றார். மலையும் வனமும் மனத்திலே எழுப்பும் அமைதி, யாவரும் பங்கிடத்தக்க நிலையான இன்பமாமென அங்கே கண்டார். சங்கீதத்தையும் விரும்பினார், ஆயின் சுரங்களின் சேர்க்கை ஒருநாள் எண்ணித் தீர்ந்துபோமேயென்று அதற்கும் வருந்தினாராம்! இதனைக் கேட்டு நகைப்பார் நகைக்க. கணக்கிலே பழகிய மனம் ஆறுதலையுங் கணக்கிடுமென்பது எமது துணிபு.

இவர் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். அதனோடு உணர்ச்சியையும் வளர்த்தார். இன்பத்தையே குறியாகத் தேடுவார்க்கு அது எய்தாதென்றும், பிறர்நலத்திலோ ஒரு கலையிலோ மனம்வைத்து நடப்பார்க்கு வழியிலே வந்து கூடுமென்றுங் கொண்டார். பிதாவை முற்றும் பழித்தல் எமக்கு உடன்பாடன்று. 1843இல் வெளிவந்த தருக்கநூலும், 1859இல் வெளிவந்த சுதந்திரம்பற்றிய நூலும் அவர் கொடுத்த கூர்மையின்றி எழுந்திரா.

1867இல் ஸ்கொத்லாந்திலே செயின்ற் அன்ரூஸ் சருவகலாசாலை மாணாக்கர் முன் பேசியபொழுது, அறிவு, ஒழுக்கம் என்னும் இரண்டனோடு அழகுணர்ச்சியையுங் கல்வியின் மூன்றாம் உறுப்பாக இவர் வைத்தார். 1873ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி பிரான்சிலே அவிஞோன் நகரில் இறந்து, மனைவியார் சமாதியிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். அதற்குச் சில நாள் முன்னும், செடிகொடிகளைத் தேடிப் பல மைல் நடந்து வந்தனர்.