ஒரு கோப்பை, ஒரு கோடு: யார் இந்த மார்ட்டிமர் டூரண்ட்?

விளையாட்டுப் பக்கத்தில் டூரண்ட் கோப்பை என்று செய்தி வரும். உலகச் செய்திப் பக்கத்தைப் புரட்டினால் டூரண்ட் கோடு என்று இன்னொரு செய்தி இருக்கும். முதலாவது, ஆசியாவிலேயே மிகப் பழமையான கால்பந்துத் தொடர். இரண்டாவது, ஆப்கானிஸ்தானுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே ஓடுகிற, இன்னமும் சண்டை ஓயாத எல்லை. பேர் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. இரண்டுக்கும் பின்னால் இருப்பவர் ஒரே ஆள்தான்: சர் ஹென்றி மார்ட்டிமர் டூரண்ட். கோப்பையைக் கொடுத்தது 1888-ல். கோட்டைப் போட்டது 1893-ல். நடுவில் 5 வருஷம்தான்.

இதில் கோப்பையை அவரை எதிர்த்தவர்களின் வாரிசுகளே விரும்பி எடுத்துக்கொண்டார்கள். கோட்டை இன்றுவரை ஒரு தரப்பு ஏற்கவில்லை. ஏன் இப்படி?

செஹோரில் பிறந்த ஆங்கிலேயர்

டூரண்ட் பிறந்தது இங்கிலாந்தில் இல்லை. போபாலை அடுத்த செஹோரில், 1850 பிப்ரவரி 14 அன்று. தந்தை ஹென்றி மேரியன் டூரண்ட் ராணுவப் பொறியாளர். 1839-ல் ஆப்கானிஸ்தானின் கஜினி கோட்டைக் கதவை வெடிவைத்துத் தகர்த்தவர்களில் ஒருவர். 1857 கிளர்ச்சியின்போது இந்தூரில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியாக இருந்த அவர், மனைவியோடு அங்கிருந்து தப்பியோட வேண்டி வந்தது. அந்த அலைச்சலுக்குப் பிறகு சில வாரங்களிலேயே மனைவி இறந்துபோனார். அப்போது மார்ட்டிமருக்கு 7 வயது.

தந்தையின் முடிவும் விபத்துதான். பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்தபோது, 1870 டிசம்பர் 31 அன்று எல்லைப்புற ஊரான டாங்க்கில் யானை மேல் ஊர்வலமாகப் போனார். ஊரின் நுழைவாயில் தாழ்வாக இருந்தது. அம்பாரியோடு அதில் மோதி விழுந்து, மறுநாள் இறந்தார். பின்னாளில் மகன் போட்ட கோடு இந்த ஊருக்குச் சற்று மேற்கேதான் ஓடுகிறது.

மார்ட்டிமர் படித்தது இங்கிலாந்தில். அவருடைய பிளாக்ஹீத் பள்ளி, 1863-ல் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தொடங்கப்பட்டபோது சேர்ந்த நிறுவன உறுப்பினர்களில் ஒன்று. 1873-ல் ஐ.சி.எஸ். அதிகாரியாக இந்தியா வந்தார். பாரசீக மொழியில் நல்ல தேர்ச்சி. 1879-ல் இரண்டாம் ஆப்கன் போரில் தளபதி ராபர்ட்ஸுக்கு அரசியல் செயலாளராகக் காபூலுக்குப் போனார். 34 வயதிலேயே இந்திய அரசின் வெளியுறவுச் செயலாளர் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

1888-ல் பிரிட்டனில் என்ன நடந்தது?

கோப்பை பிறந்த கதை புரிய வேண்டுமென்றால், அதே வருஷம் பிரிட்டனில் நடந்ததைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எஃப்.ஏ. கோப்பை 1871-லும், ஸ்காட்லாந்து கோப்பை 1873-லும் தொடங்கிவிட்டன. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1872-ல் முதல் சர்வதேசப் போட்டியில் மோதி 0-0 என்று சமன் செய்தன. ஆட்ட முறையில் இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் இருந்தது. ஆங்கிலேயர்கள் பந்தைத் தனியாளாகக் கடத்திக்கொண்டு ஓடுவதில் கெட்டிக்காரர்கள். ஸ்காட்லாந்துக்காரர்களோ ஒருவருக்கொருவர் பாஸ் கொடுத்து ஆடினார்கள். இன்றைய கால்பந்தின் அடிப்படையே அந்த இரண்டாவது முறைதான்.

சரி, இரண்டு நாட்டிலும் கோப்பை வென்ற அணிகள் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? 1888 மே 19 அன்று கிளாஸ்கோவில் அது நடந்தது. ஸ்காட்லாந்து கோப்பை வென்ற ரென்டன் அணி, எஃப்.ஏ. கோப்பை வென்ற வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனை 4-1 என்று தோற்கடித்தது. ரென்டன் பெரிய நகரம் இல்லை, ஒரு கிராமம். லெவன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் துணிச் சாயத் தொழிலை நம்பிய ஊர். அந்தப் பள்ளத்தாக்கின் சிவப்புச் சாயத் துணி இந்தியச் சந்தைக்கும் ஏராளமாக வந்தது. ராஜபாளையம் மாதிரி ஒரு மில் ஊரின் அணி, ஒரே ஆட்டத்தில் உலக சாம்பியன் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டது. அதைக் கேட்டுச் சிரிக்கவும் முடியாது. அந்தக் காலத்தில் கால்பந்து உலகம் என்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அதே செப்டம்பரில் 12 அணிகளோடு இங்கிலாந்து லீக் தொடங்கியது. 1895-ல் இரு நாட்டு லீக் சாம்பியன்களான சண்டர்லாந்தும் ஹார்ட்ஸும் எடின்பரோவில் மோதின. சண்டர்லாந்து 5-3 என்று வென்றது. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேய அணியான சண்டர்லாந்துக்கு அன்று ஆடியவர்களும் ஸ்காட்லாந்துக்காரர்கள்தான்.

சிம்லாவில் ஒரு கோப்பை

இந்த மோதல் கப்பல் ஏறி இந்தியாவுக்கும் வந்தது. கொண்டுவந்தவர்கள் படைவீரர்கள்.

கோடைக்காலத்தில் இந்தியாவை ஆண்டது சிம்லாவிலிருந்து. மலை முகாம்களில் ஆங்கிலேய, ஸ்காட்லாந்து படைப்பிரிவுகள் தங்கியிருந்தன. போர் இல்லாத நாட்களில் வீரர்களைக் காய்ச்சலும் காலராவும் மதுவும்தான் அதிகம் சாய்த்தன. நோயிலிருந்து தேறிவந்த காலத்தில், உடலைத் தேற்ற விளையாட்டு எவ்வளவு முக்கியம் என்று டூரண்ட் உணர்ந்தார் என்றும், அதனால்தான் தன் பேரில் ஒரு கோப்பையைப் பரிசாகக் கொடுத்தார் என்றும் தொடரின் வரலாறு சொல்கிறது. ராணுவ அணிகள் மட்டும் மோதும் தொடராக 1888-ல் சிம்லா மலைப்பகுதியில் அது தொடங்கியது.

முதல் இறுதிப்போட்டியில் மோதிய இரண்டுமே ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகள். ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ், ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியை 2-1 என்று வென்றது. ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரிக்கு ஆள் சேர்க்கும் ஊரே கிளாஸ்கோதான். ரென்டன் ஜெயித்த அதே நகரத்துப் பையன்கள், இமயமலை அடுக்கில் அதே பாஸ் ஆட்டத்தை ஆடினார்கள்.

தொடர்ந்து மூன்று முறை வென்றால் கோப்பையை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி. 1893, 94, 95 என்று மூன்று முறையும் வென்று ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி முதல் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. புதிதாக ஒன்று வந்தது. 1897 முதல் 99 வரை வென்று அதையும் பிளாக் வாட்ச் படைப்பிரிவு கொண்டுபோனது. அதுவும் ஸ்காட்லாந்து அணிதான்.

இதில் இந்தியர்களுக்கு என்ன இடம்? மைதானத்துக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம். அவ்வளவுதான்.

காபூலில் ஒரு கோடு

கோப்பை தொடங்கி ஐந்தாவது வருஷம், டூரண்ட் வேறு வேலையாகக் காபூல் போனார். வடக்கே ரஷ்யா நெருங்கிவந்துகொண்டிருந்தது. ஆப்கன் அமீர் அப்துர் ரஹ்மானின் அதிகாரம் எங்கே முடிகிறது, பிரிட்டிஷ் இந்தியாவின் அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்பதை எழுத்தில் வைக்க ஆங்கிலேய அரசு விரும்பியது. அமீரோடு டூரண்ட் பாரசீகத்திலேயே பேசினார். 1893 நவம்பர் 12 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. மொத்தம் ஏழே அம்சங்கள். அமீருக்கு ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாயாக இருந்த மானியம் 18 லட்சமாக உயர்ந்தது.

அந்தக் கோட்டின் நீளம் சுமார் 2,600 கிலோமீட்டர். பல இடங்களில் மலை முகட்டை ஒட்டியே போகிறது. இது என்ன கணக்கு என்பது விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். மகாராஜபுரத்தில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வரை மேற்கே சுவர் மாதிரி நிற்கிறது மேற்குத் தொடர்ச்சி மலை. ராஜபாளையத்துக்கு மேற்கே முகட்டில் விழும் மழை கிழக்கே வழிந்தால் தமிழ்நாட்டுக் கண்மாய்க்கு. மேற்கே வழிந்தால் கேரளத்தின் பெரியாற்றுக்கு. தண்ணீர் பிரியும் அந்த முகடுதான் எல்லை. வரைபடம் போடுகிறவருக்கு இதைவிட வசதியான கோடு கிடையாது.

ஆனால் டூரண்ட் பார்த்த மலையில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு பக்கச் சரிவிலும் வாழ்ந்தது ஒரே மக்கள்: பஷ்தூன்கள். ஒரே மொழி, ஒரே குலங்கள், இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் மேய்ச்சல் நிலமுமான வாழ்க்கை. கோட்டைப் பற்றி அவர்களை யாரும் கேட்கவில்லை. 1894 முதல் எல்லைக் குழுக்கள் கல் நட்டுக்கொண்டே போக, 1897-ல் எல்லைப்புறக் குலங்கள் பெரிய அளவில் கிளர்ந்தெழுந்தன.

பொருள் விஷயத்திலும் தகராறு. அது செல்வாக்கின் எல்லையைத்தான் குறித்தது, நாட்டின் எல்லையை இல்லை என்பது ஆப்கன் தரப்பு வாதம். 1947-ல் பாகிஸ்தான் ஐ.நா.வில் சேர்ந்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான். காரணம் இந்தக் கோடுதான். பாகிஸ்தானோ இதையே சர்வதேச எல்லை என்று சொல்லி, 2017 முதல் வேலி போட்டுவந்தது. 2025 அக்டோபரிலும் அங்கே இரு தரப்பும் சுட்டுக்கொண்டன.

ரூஸ்வெல்ட்டோடு ஒரு நடை

1894-ல் டூரண்ட் இந்தியாவை விட்டுப் பாரசீகத்துக்குத் தூதராகப் போனார். பிறகு ஸ்பெயின். 1903-ல் அமெரிக்கா. அங்கே அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒருநாள் அவரை வாஷிங்டனில் உள்ள ராக் க்ரீக் காட்டுக்குள் நடக்கக் கூட்டிப்போனார். பாறையில் ஏறு, ஓடையைத் தாண்டு என்று ரூஸ்வெல்ட் இழுத்த இழுப்புக்கு, 50 வயதைத் தாண்டிய டூரண்டால் ஈடுகொடுக்க முடியவில்லை. வீரர்களின் உடற்பயிற்சிக்காகக் கோப்பை கொடுத்தவருக்கு இப்படி ஒரு சோதனை. நடை மட்டும் இல்லை, அரசியலிலும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1906-ல் திரும்ப அழைக்கப்பட்டார்.

1910-ல் பிளிமத் தொகுதியில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். தந்தையின் வரலாறு, நாதிர் ஷா பற்றிய நூல் என்று எழுத்திலும் ஈடுபட்டார். 1924 ஜூன் 8 அன்று இங்கிலாந்தின் சோமர்செட் மாவட்டத்தில் காலமானார். அவர் உயிரோடு இருந்தவரை அவர் பேரிலான கோப்பையை எந்த இந்திய அணியும் வெல்லவில்லை.

52 ஆண்டுக் காத்திருப்பு

கல்கத்தாவில் 1911-லேயே ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப்போட்டியில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்றுவிட்டது. டூரண்ட் கோப்பை மட்டும் ராணுவத்தின் கையிலேயே இருந்தது.

1940-ல் தொடர் சிம்லாவிலிருந்து டெல்லிக்கு இறங்கியது. டிசம்பர் 12 அன்று நடந்த இறுதிப்போட்டியில் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், ராயல் வார்விக்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்தது. தொடங்கி 52 ஆண்டு கழித்து, முதல்முறையாக ஒரு இந்திய அணியின் பேர் கோப்பையில் ஏறியது. ஆண்டவர்கள் கொடுத்த கோப்பை, ஆண்டவர்கள் எழுதிய விதி. எதையும் மாற்றாமல் அதே விதிக்குள் நின்று ஜெயித்தார்கள்.

உலகப் போரும் பிரிவினையும் ஓய்ந்து, 1950-ல் தொடர் மீண்டும் தொடங்கியது. இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி, 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். பின்னர் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்ற அணியிலும் இருந்தவர். சிம்லா மலையில் ஸ்காட்லாந்து வீரர்கள் எடுத்துப்போன கோப்பை, இன்னொரு மலை முகாமில் இருந்த நம் படைவீரர்களிடம் வந்து சேர்ந்தது.

பேரை மாற்றாதது ஏன்?

சுதந்திரத்துக்குப் பிறகு தெருப்பேர், ஊர்ப்பேர் எத்தனையோ மாறின. டூரண்ட் என்ற பேர் மட்டும் கோப்பையில் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு கோப்பையைத் தூக்குகிறவர்களில் பலருக்கு அவர் யார் என்பதே தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் வரவில்லை. 1940-லேயே அது கைமாறிவிட்டது.

கோட்டுக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை. மைதானத்தில் இரண்டு அணிக்கும் 11 பேர், இரண்டு பக்கமும் ஒரே அளவு கோல் கம்பம். தோற்றவர் அடுத்த வருஷம் திரும்பி வந்து ஆடலாம். மலையில் போட்ட கோட்டில் அங்கே வாழ்ந்தவர்களுக்கு ஆட இடமே இல்லை. அதனால்தான் 130 வருஷத்துக்குப் பிறகும், ஒரே மனிதரின் பேர் ஒரு பக்கம் கைதட்டலோடும் இன்னொரு பக்கம் துப்பாக்கிச் சத்தத்தோடும் செய்தியில் வந்துகொண்டிருக்கிறது.