யார் இந்த ஜேம்ஸ் ஜேமர்சன்? பேஸ் கிட்டார் ஆம்ப் தேடுறவங்க இவர் கதையை ஏன் தெரிஞ்சுக்கணும்?

'மை கேர்ள்' பாட்டு தொடங்கியதும் முதலில் கேட்பது ஒரு பேஸ் கிட்டார். 1964இல் அதை வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். பாட்டை உலகமே கேட்டது. வாசித்தவர் பெயர்தான் யாருக்கும் தெரியல.

யார் இவர்?

1936இல் அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் பிறந்தவர். 1954இல் டெட்ராய்ட் நகரத்துக்கு வந்தார். அங்கே பள்ளியில் படிக்கும்போது, ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ் வாத்தியத்தைக் கற்றுக்கொண்டார். 1959 முதல் மோட்டவுன் நிறுவனத்தின் ஸ்டுடியோவில் வேலை. பிறகுதான் எலெக்ட்ரிக் பேஸுக்கு மாறினார்.

என்ன ஆம்ப் வைத்திருந்தார்?

கிளப்களில் வாசிக்க அவர் பயன்படுத்தியது ஆம்பெக் பி-15. 1960இல் வந்த மாடல். 15 அங்குல ஸ்பீக்கர் ஒண்ணே ஒண்ணு. பவர் 25 வாட்ஸ் அளவுதான். ஆம்பெக்கைத் தொடங்கிய எவரெட் ஹல்லும் டபுள் பேஸ் கலைஞர்தான். ஒலி கரகரன்னு உடைஞ்சு வருவது அவருக்குப் பிடிக்காது.

பெரிய அரங்குகளில் இரண்டு 15 அங்குல ஸ்பீக்கர் உள்ள கஸ்டம் ஆம்ப். எந்த ஆம்ப்பாக இருந்தாலும் செட்டிங் பெரும்பாலும் ஒன்றுதான்: பேஸ் முழுசா ஏத்தி, ட்ரெபிள் பாதியா குறைச்சு. டபுள் பேஸ் போல உருண்டு திரண்ட ஒலி அப்படித்தான் கிடைத்தது.

அப்போ ஆம்ப்தான் ரகசியமா?

இங்கதான் ட்விஸ்ட். ஸ்டுடியோவில் அவரது கிட்டார் பெரும்பாலும் நேரடியாக ரெக்கார்டிங் மிக்சருக்கே போனது. அதனால் அவரது ஹிட் பாடல்கள் பலவற்றில் கேட்பது ஆம்ப்பின் ஒலியே இல்லை. 1962 மாடல் ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸ், வழவழப்பான தடித்த கம்பிகள், அதிர்வை அடக்க ஒரு ஃபோம் துண்டு, வலது கையின் ஒரே ஒரு விரல். மிச்சமெல்லாம் அவர் வாசிப்பு.

பெயர் வெளியே வந்தது எப்போது?

அப்போதெல்லாம் மோட்டவுன் ரெக்கார்டு உறைகளில் வாத்தியக்காரர்கள் பெயர் போடும் வழக்கம் இல்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் ஜேமர்சன் பெயர் அச்சானது. அடுத்த ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் மாறியது. அவரும் அங்கே போனார். வாய்ப்புகள் குறைந்தன, குடி அதிகமானது.

1983 மார்ச்சில் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழா நிகழ்ச்சி பதிவானது. அன்று ஜேமர்சன் மேடையில் இல்லை. பார்வையாளர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 2இல் இறந்தார். வயது 47.

நீங்க ஆம்ப் வாங்கும்போது...

இந்த ஒலிதான் வேணும்னா 15 அங்குல ஸ்பீக்கர் உள்ள ஆம்ப்பை முதலில் கேட்டுப் பாருங்க. ட்ரெபிளைக் குறைச்சு வாசிச்சுப் பாருங்க. உங்க கிட்டாரையே கடைக்கு எடுத்துட்டுப் போங்க. கம்பியை மாத்தினாலே தேடுற ஒலி கிடைச்சிடலாம். அதுக்கு ஆகுற செலவு ஆம்ப் விலையை விட ரொம்பக் குறைவு.

ஜேமர்சனுக்கு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது 2000இல். இறந்து 17 ஆண்டுகளுக்குப் பிறகு.