தளராத யாத்திரிகர் ஜான் பன்யன்

இனிப் பிரசங்கம் செய்வதில்லை என்று ஒரு வாக்குறுதி அளித்தால் போதும், சிறைக்கதவு திறந்துவிடும். அந்த வாக்குறுதியை அளிக்க மறுத்து, பாத்திரம் அடைக்கும் தொழிலாளி ஒருவர் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு சிறையில் 12 ஆண்டுகள் கிடந்தார். வெளியே வறுமையில் வாடும் மனைவி, நான்கு குழந்தைகள். அவர்களுள் மூத்தவள் பார்வையற்றவள். இத்தகைய உறுதி அவருக்கு எங்கிருந்து வந்தது? ஜான் பன்யனின் இளமைக் காலத்தை அறிந்தவர்களுக்கு இக்கேள்வி மேலும் வியப்பளிக்கும். தாம் கடைத்தேறுவோமா என்ற ஐயத்தால் ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கப்பட்டவர் அவர்.

வேட்கை பிறந்தது

பெட்ஃபோர்டுக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ கிராமத்தில் 1628-ஆம் ஆண்டு பன்யன் பிறந்தார். தந்தையின் தொழிலே மகனுக்கும் வாய்த்தது. 1644-இல் தாயும், அடுத்த மாதமே தங்கையும் இறந்தனர். அவ்வாண்டே உள்நாட்டுப் போரில் பாராளுமன்றப் படையில் அவர் சேர்ந்தார். ஒருமுறை அவர் செல்லவேண்டிய இடத்திற்கு வேறொரு வீரர் விரும்பிச் சென்றார். காவல் நின்றபோது தலையில் குண்டு பாய்ந்து அவர் இறந்தார். இறைவன் தம்மைக் காத்த செயல் அது என்பதைப் பன்யன் பின்னாளில்தான் உணர்ந்தார்.

திருமணமானபோது அவர்கள் வீட்டில் தட்டும் கரண்டியும்கூட இல்லை. மணமகள் கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்தி நூல்கள். அவற்றைப் படித்ததால் உள்ளத்தில் சிறிது சலனம் ஏற்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்மூர்க் கிட்டிப்புள்ளைப் போன்ற ஆட்டம் ஒன்றில் ஈடுபட்டிருந்தபோது, பாவத்தை விட்டு விண்ணுலகம் செல்வாயா, பாவத்தோடு நரகம் செல்வாயா என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்பதை உணர்ந்து திகைத்து நின்றார். நாளடைவில் தீய பேச்சு, கேளிக்கைகள் யாவற்றையும் விட்டார். ஊரார் புகழ்ந்தனர், அவரும் தம்மை நல்லவரென்று எண்ணி மகிழ்ந்தார்.

அந்த மகிழ்ச்சியைக் குலைத்தவர்கள் ஏழைப் பெண்கள் சிலர். பெட்ஃபோர்டுக்கு வேலையாகச் சென்ற பன்யன், வாசலில் வெயிலில் அமர்ந்து அவர்கள் இறைவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டார். தங்கள் நற்செயல்களை அவர்கள் பெருமையாகப் பேசவில்லை. தங்கள் எளிமையையும், இறையருளால் கிட்டிய புதுப்பிறப்பையும் ஆனந்தத்துடன் பேசினர். தம்மிடம் இருப்பது ஒழுக்கம் மட்டுமே, அருள் அனுபவம் இல்லை என்பது அவருக்குத் தெளிவாயிற்று. அன்றுமுதல் பைபிளே அவரது உயிராயிற்று.

இரு வசனங்களின் போராட்டம்

ஆனால் அதே வேதம் அவருக்குச் சோதனைக்களமும் ஆயிற்று. கிறிஸ்துவை விற்றுவிடு என்ற எண்ணம் ஏறக்குறைய ஓராண்டு காலம் இரவும் பகலும் அவரைத் துரத்தியது. எதிர்த்துப் போராடிக் களைத்த மனம் ஒருநாள் காலையில், விரும்பினால் அவர் போகட்டும் என்று ஒரு கணம் தளர்ந்துவிட்டது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நடுங்கினார். ஒரு வேளை உணவுக்காகத் தலைமகனுரிமையை விற்றுவிட்டுப் பின்னர்க் கண்ணீர் விட்டும் ஆசி பெறாத ஏசாவைப் பற்றி, எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபம் கூறும் வசனம் அவர் நெஞ்சில் ஈட்டிபோல் பாய்ந்தது. தமக்கும் கதவு அடைபட்டுவிட்டது என்று அவர் முடிவுகட்டினார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வேதனை நீடித்தது.

பவுலுக்கு இறைவன் தம் அருளே போதும் என்று உறுதியளித்த மற்றொரு வசனம் அவருக்குச் சிறிது ஆறுதல் தந்தது. ஆனால் அந்த அருள் போதும் என்று நம்ப முடிந்ததே தவிர, தமக்குப் போதும் என்று நம்ப முடியவில்லை. ஒருநாள் இறையன்பர்களின் கூட்டத்தில் அமர்ந்திருந்தபோது, உனக்கு என்ற அச்சொல்லும் சேர்ந்து மும்முறை அவர் உள்ளத்தில் ஒலித்தது. அதன்பின் ஏசாவின் வசனமும் அருளின் வசனமும் அவருக்குள் நேருக்குநேர் மோதின. அச்சுறுத்தியது மெல்ல மெல்ல வலுவிழந்தது, அருள் நிலைத்தது. பிறகுதான் தாம் அஞ்சி விலகியிருந்த வசனங்களை ஆராய்ந்து பார்க்கும் துணிவு வந்தது. அருகில் சென்று பார்த்தபோது, அவை தம்மைத் தள்ளவில்லை என்று கண்டார்.

இறுதியாக, வயல்வெளியில் நடந்துகொண்டிருந்த ஒருநாள் அவருக்குப் பேருண்மை புலப்பட்டது. தம் நீதி தம்மிடம் இல்லை, விண்ணில் இறைவனின் வலப்பக்கத்தில் வீற்றிருக்கும் கிறிஸ்துவே தம் நீதி. தம் மனம் நன்றாக இருக்கும்போது அது கூடுவதுமில்லை, மனம் சோரும்போது குறைவதுமில்லை. கால்களைப் பிணைத்திருந்த சங்கிலி கழன்றுவிட்டதைப் போல் அவர் வீடு திரும்பினார்.

சிறைவாசம்

1660-இல் மன்னராட்சி மீண்டும் வந்தது. அரசுத் திருச்சபைக்குப் புறம்பாக வழிபாட்டுக் கூட்டங்கள் நடத்துவதைத் தடுக்கப் பழைய சட்டம் ஒன்று தூசு தட்டப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 12 அன்று லோயர் சாம்செல் என்ற சிற்றூரில் பன்யன் கைதானார். கைது ஆணை வந்திருப்பது அவருக்கு முன்பே தெரியும்; தப்பிச் செல்லவும் வழி இருந்தது. தாம் ஓடினால் புதிதாக நம்பிக்கை கொண்டவர்களின் மனம் தளரும் என்றெண்ணி அங்கேயே இருந்தார்.

கணவர் கைதான அதிர்ச்சியில் அவரது இரண்டாம் மனைவி எலிசபெத்துக்குக் குறைப்பிரசவமாகிக் குழந்தை இறந்தது. ஆயினும் அவர் 1661-இல் நீதிபதிகள் முன் துணிந்து நின்று கணவருக்காக வாதாடினார். நீதிபதி மாத்யூ ஹேல் பரிவுடன் கேட்டார், ஆனால் விடுதலை கிடைக்கவில்லை. சிறையில் பன்யன் நாடாக்கள் செய்து விற்றுக் குடும்பத்திற்கு உதவினார். மனைவி மக்களின் பிரிவு, எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போல் அவரை வருத்தியது. பார்வையற்ற மகள் பசியாலும் குளிராலும் படும் துன்பத்தை நினைக்கும்போது இதயமே நொறுங்கியது. தம் வீட்டைத் தாமே தம் மனைவி மக்கள் தலைமீது இடித்துத் தள்ளுவதாக உணர்ந்தார். எனினும் அவர்களை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு உறுதியாக நின்றார்.

தூக்கிலிடப்படலாம் என்ற அச்சமும் ஒரு காலத்தில் எழுந்தது. அப்போது ஆறுதல் எதுவும் உள்ளத்தில் தோன்றவில்லை. தூக்குமேடை ஏணியில் கால்கள் நடுங்கி இறைவனின் பெயருக்கு இழுக்குத் தேடுவோமோ என்று கலங்கினார். முடிவில், இறைவன் ஆறுதல் தந்தாலும் தராவிட்டாலும், விண்ணுலகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவரது திருமொழிக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நித்தியத்தில் குதித்துவிடுவது என்று தீர்மானித்தார். வயல்வெளியில் கற்ற பாடம் இங்கே பயன் தந்தது. ஆறுதலில் ஊன்றாத நம்பிக்கை, ஆறுதல் மறைந்தபோதும் சாயவில்லை.

யாத்திரையின் பயன்

சிறையிலிருந்தே 1666-இல், பாவிகளில் தலையானவனுக்குப் பெருகிய அருள் என்ற பொருள்படும் தலைப்பில் தம் ஆன்மிக வரலாற்றை வெளியிட்டார். 1672-இல் விடுதலை பெற்றுப் பெட்ஃபோர்டு சபையின் போதகராகத் தொண்டாற்றினார். 1678-இல் வெளியான அவரது மோட்சப் பிரயாணம் உலகின் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அதைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ண பிள்ளை தமிழில் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தை இயற்றி 1894-இல் வெளியிட்டார்.

1688-இல், மனம் கசந்திருந்த தந்தை ஒருவரையும் மகனையும் இணக்கப்படுத்த ரெடிங் நகருக்குச் சென்ற பன்யன், கடும் மழையில் நனைந்தபடி குதிரையில் லண்டனை அடைந்தார். அதனால் காய்ச்சல் கண்டு ஆகஸ்ட் 31 அன்று உயிர் நீத்தார்.

ஐயமே எழாத மனம் ஒருவேளை சிலருக்கு வாய்க்கலாம். பன்யனுக்கு அது வாய்க்கவில்லை. தம் மனம் நிலையற்றது என்று அறிந்து, நிலையான ஒருவரைப் பற்றிக்கொண்டதே அவரது உறுதி. மனத்தின் ஏற்ற இறக்கங்களைக் கண்டு சோர்வடையும் சாதகர் ஒவ்வொருவருக்கும் அவரது வாழ்க்கை வழித்துணையாகும்.