தாயையும் சேயையும் இணைத்த ஜேன் அடம்ஸ்

அந்நிய நாட்டிற் குடியேறும் ஏழைக் குடும்பத்திலே புதிய மொழியை முதலிற் கற்றுக்கொள்வது குழந்தைதான். பள்ளியிலிருந்து திரும்பும் சிறுவன், கடைக்காரரிடமும் வீட்டுச் சொந்தக்காரரிடமும் தந்தைக்காகப் பேசுகின்றான். நாளடைவில், வழிகாட்ட வேண்டிய தந்தை பின்னே நடக்கப் பிள்ளை முன்னே செல்கின்றான். பிள்ளை பெறும் கல்வியே பெற்றோரை அவனிடமிருந்து பிரித்துவிடும் இவ்விந்தையைக் கண்டு வருந்தி, அதற்கு மாற்று வழி தேடியவர் ஜேன் அடம்ஸ் அம்மையார்.

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே, சீடர்வில் என்னும் சிற்றூரில், 1860ஆம் ஆண்டு செப்ரெம்பர் 6ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் ஆலை உரிமையாளர்; மாநில மேற்சபை உறுப்பினர்; ஆபிரகாம் லிங்கனின் நண்பர். இரண்டு வயதிலே தாயை இழந்த ஜேன், தந்தையாரையே தம் வழிகாட்டியாகக் கொண்டு வளர்ந்தார். 1881இல் அவர் கல்லூரிப் படிப்பை முடித்த சில வாரங்களில் அத்தந்தையாரும் மறைந்தார். பிலடெல்பியாவிலே தொடங்கிய மருத்துவக் கல்வி நோயினால் இடையில் நின்றது. செல்வமும் கல்வியும் இருந்தும் செய்வதற்கொரு பணியின்றி மனஞ் சோர்ந்திருந்த அவருக்கு, 1888இல் இலண்டன் மாநகரிற் கண்ட டொயின்பி மண்டபம் வழிகாட்டியது. கற்ற இளைஞர்கள் ஏழை மக்களிடையே குடியிருந்து தொண்டாற்றிய இடம் அது.

மறு ஆண்டு செப்ரெம்பரில், தோழி எலன் கேற்ஸ் ஸ்ரார் என்பாருடன், சிக்காகோ நகரத்துப் பழைய மாளிகையொன்றில் அம்மையார் குடிபுகுந்தார். அதுவே ஹல் இல்லம். சுற்றிலும் இத்தாலியர், ஜெர்மானியர், கிரேக்கர், ரஷ்யாவிலிருந்து வந்த யூதர் எனப் பல இனத்தவர் நெருங்கி வாழ்ந்தனர். குழந்தைகளுக்குப் பாலர் வகுப்பும், பகலெல்லாம் உழைத்துக் களைத்த பெரியோர்க்கு மாலை வகுப்பும் அங்கே நடைபெற்றன.

ஆயினும், எழுத்தறிவு ஒன்றே பிளவை நீக்காது என்பதை அம்மையார் விரைவில் உணர்ந்தார். ஒரு நாள் போல்க் வீதியிலே, இத்தாலிய மூதாட்டி ஒருத்தி கைக்கதிரினால் பொறுமையாக நூல் நூற்றுக்கொண்டிருப்பதைக் கண்டார். இக்கைத்திறனைப் பிள்ளைகள் கண்டால் முதியோரை மதிப்பார்களல்லவா என்ற எண்ணம் உதித்தது. அவ்வெண்ணமே 1900இல் தொழில் அரும்பொருட்சாலையாக உருப்பெற்றது. அங்கே குடியேறிய பெற்றோரே ஆசிரியராயினர்.

ஓர் இத்தாலியச் சிறுமி ஹல் இல்லத்தின் சமையல் வகுப்புக்கு வருவாள். அதே மாலையில் அவள் தாய் அரும்பொருட்சாலையிலே நூல் நூற்க வருவாள். தலையிற் கட்டிய துணியும் முரட்டுச் சப்பாத்துமாக வரும் தாயோடு தன்னைப் பிறர் கண்டுவிடக் கூடாதென்று, மகள் வேறொரு வாயிலால் நுழைவாள். ஒரு நாள், கல்வித்துறையினர் பலர் தாயைச் சூழ்ந்து நின்று அவளது திறனை வியந்ததைச் சிறுமி கண்டாள். அப்புகழ்ச்சி மெய்தானா என்று அம்மையாரிடம் வினவினாள். தாய் பிறந்த மலைக்கிராமத்தையும், செங்குத்தான பாறை விளிம்பிலிருந்து கதிரைக் கீழே தொங்கவிட்டு அவ்வூர்ப் பெண்கள் தேர்ந்த நூற்பையும் அம்மையார் விளக்கினார். அதன்பின், கட்டிலின்கீழ் ஒளித்து வைத்திருந்த கைநெசவு ஆடைகளைத் தாய் வெளியே எடுத்தாள். மகளும் தாயின் வாயிலாலேயே வரலானாள்.

இவ்வனுபவத்தின் பயனாக, 1908இல் தேசியக் கல்விச் சங்கத்தின் ஆசிரியர் முன்னிலையில், குடியேறிய பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் கல்வியின் குறையை அம்மையார் எடுத்துரைத்தார்.

முதலாம் உலகப் போரை எதிர்த்தமையாற் பழிச்சொற்கும் ஆளானார். எனினும் கொள்கையிலிருந்து வழுவவில்லை. 1931இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. 1935 மே 21ஆந் திகதி சிக்காகோவிற் காலமாகிப் பிறந்த ஊரிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.

பதின்மூன்று கட்டிடங்களாக வளர்ந்த ஹல் இல்லத்தின் பெரும்பகுதி, 1960களில் பல்கலைக்கழகத்துக்காக இடிக்கப்பட்டது. பழைய மாளிகையும் உணவு மண்டபமும் மாத்திரம் நூதனசாலையாக எஞ்சின. கட்டிடங்கள் மறையலாம், அவர் எழுப்பிய வினா மறையவில்லை. நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளை, வீடு திரும்பும்போது தாயை முன்னிலும் மதிக்கின்றதா? கற்பிப்போர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.