கப்பலில் போட்ட கணக்கு

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் இஷாத் தொழுகை முடிந்து கிளிவெட்டி வயல்வெளிப் பக்கம் நின்று தென்வானைப் பாருங்கள். தேள் வாலைச் சுருட்டியதுபோல ஒரு நட்சத்திரக் கூட்டம் தெரியும். அதுதான் விருச்சிகம். அதன் தலைக்கு வடக்கே, வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஓர் இரட்டை நட்சத்திரம் எக்ஸ் கதிர்களை வீசிக்கொண்டிருக்கிறது. 1962இல் ஒரு ரொக்கெட் அதைக் கண்டுபிடித்தது. அதனுள்ளே என்ன நடக்கிறது என்பதற்கான கணக்கொன்றை அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ் இளைஞர் கப்பலில் இருந்து போட்டிருந்தார்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910 ஒக்ரோபர் 19இல் லாகூரில் பிறந்தார். தந்தை ரயில்வே கணக்கு அதிகாரி. தாய் சீதாலட்சுமி பத்துப் பிள்ளைகளை வளர்த்தபடியே இப்சனின் பொம்மை வீடு நாடகத்தைத் தமிழாக்கியவர். சர் சி. வி. இராமன் சிறிய தந்தை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, புலமைப்பரிசில் பெற்று, 1930 யூலை 31இல் பம்பாயில் கப்பலேறினார். தாய் நோயுற்றிருந்தார், ஆனாலும் மகனைப் போகச் சொன்னவர் அவரே. மறு ஆண்டு அவர் மறைந்தபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார்.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரங்கள் யாவும் சுருங்கி வெண்குள்ளன்களாக அடங்கிவிடும் என்றே அக்காலத்தில் நம்பினார்கள். கப்பலில் அந்தப் பத்தொன்பது வயது இளைஞருக்குக் கிடைத்த விடை வேறு. சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் திணிவு இருந்தால், உள்ளிருக்கும் இலத்திரன்களின் அமுக்கம் ஈர்ப்பைத் தாங்காது. நட்சத்திரம் மேலும் நொறுங்கிச் சுருங்கும்.

1935 ஜனவரி 11இல் இலண்டன் வானியற் கழகத்தில் இதை எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன், உலகம் மதித்த வானியலாளர். அவர் அந்த முடிவைக் கேலி செய்தார், சபை சிரித்தது. வயது 24, அந்நிய நாடு. சந்திரசேகர் பல ஆண்டுகள் வாதாடிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் 1939இல் ஒரு நூலாக எழுதி வைத்துவிட்டு வேறு ஆய்வுக்குப் போனார். தோல்வியென்று அதைச் சொல்ல எனக்கு மனமில்லை. எடிங்டனுடன் நட்பை அவர் முறிக்கவில்லை. 1944இல் எடிங்டன் இறந்தபோது அவரை மனதாரப் புகழ்ந்தே பேசினார்.

விருச்சிகத்து இரட்டையில் ஒன்று அப்படி நொறுங்கிய நியூத்திரன் நட்சத்திரம். இரண்டும் 18.9 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. துணையிடமிருந்து உருவும் வாயு சுழன்று விழுந்து, கோடிக்கணக்கான பாகை சூடேறி எக்ஸ் கதிராகிறது. விழும் வாயு கூடினாலோ குறைந்தாலோ கதிரும் மாறும், சில வேளை நிமிடக் கணக்கில். பூமியின் வளிமண்டலம் இக்கதிர்களை மறித்துவிடுவதால் மேலே போய்த்தான் பார்க்க வேண்டும்.

1937 முதல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சந்திரசேகருக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. 1995 ஓகஸ்ட் 21இல் காலமானார். 1936இல் அவரை மணந்த லலிதாவும் பௌதிகம் கற்றவர். மணத்தின் பின் தம் ஆய்வை விட்டுவிட்டார். அது பலர் எழுதும் வரலாறுகளில் ஒரு வரியோடு போய்விடுகிறது.

1999 யூலை 23இல் கொலம்பியா விண்வெளி ஓடம் ஒரு எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை ஏற்றிச் சென்றது. அதன் பெயர் சந்திரா. ஓடத்துக்குத் தலைமை தாங்கியவர் அய்லீன் கொலின்ஸ். விண்வெளி ஓடமொன்றுக்குத் தளபதியான முதற் பெண் அவர்.