பிரெடரிக் டக்ளஸ் சரித்திரச் சுருக்கம்

ஒரு சமயத்தின் கொள்கை வேறு. அச்சமயத்தவரெனத் தம்மைச் சொல்லிக்கொள்வோரின் ஒழுக்கம் வேறு. இவ்வேற்றுமையைத் தம் முதுகிற் பட்ட கசையடியாலே கற்றுணர்ந்தவர் பிரெடரிக் டக்ளஸ். அவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றோம்.

டக்ளஸ் 1818ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள மேரிலாந்து மாகாணத்திலே ஓர் அடிமைப்பெண்ணின் வயிற்றிற் பிறந்தார். அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1816இல், அத்தேசத்துப் பாதிரிமார் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலே தங்கள் போதனையைத் தொடங்கிவிட்டனர். கடல்கடந்து அன்பைப் போதிக்க ஆள் விடுத்த தேசத்தின் ஒரு பாகத்திலே மனிதரை மாடுகள் போல விலைகூறி விற்றனர். மிஷன் பள்ளிக்கூடத்திலே விவிலியம் ஓதிய நாம் இதனை அங்கே கேட்டறிந்திலோம்.

பால்டிமோர் நகரத்திலே எசமானியொருத்தி சிறுவர் டக்ளஸுக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினாள். அடிமைக்குக் கல்வி ஆகாதென்று அவள் நாயகன் தடுத்தான். அவரோ தெருப்பிள்ளைகளுக்கு ரொட்டித்துண்டு கொடுத்து எஞ்சிய பாடங்களைக் கற்றுக்கொண்டார்.

பின்பு அவர் தாமஸ் ஓல்ட் என்பவனிடம் அனுப்பப்பட்டார். அவன் மெதடிஸ்த சபையார் கூட்டமொன்றிலே மனந்திரும்பினான். இனி அடிமைகளை விடுதலை செய்வான், அன்றேல் இரக்கமாயினுங் காட்டுவான் என்று டக்ளஸ் நம்பினார். இரண்டும் நிகழவில்லை. காலையும் மாலையும் செபம் நடந்த அவ்வீட்டிலே அடிமைகள் பசியால் வாடினர். ஊனமுற்ற ஒரு பெண்ணைக் கட்டிவைத்து அடித்து, அதற்கு நியாயமாக வேதவாக்கியத்தையும் அவன் ஓதினான். அடிமைகள் வாசிக்கக் கற்கும்படி டக்ளஸ் நடத்திய ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியைச் சபைத்தலைவர்களே தடிகளோடு வந்து கலைத்தனர். 1834இல் அவரை அடக்கும்பொருட்டு ஒப்புவிக்கப்பெற்ற கோவி என்பவனும் செபத்திற் குறைவில்லாதவனே. பதினாறு வயதினராகிய டக்ளஸ் ஒருநாள் அவனை எதிர்த்து நின்றார். அதன்பின் அவன் அவரை அடிக்கவில்லை.

1838இல் அவர் தப்பியோடி வடமாகாணத்தை அடைந்தார். அங்கே ஒரு தேவாலயத்திலே வெள்ளையர் யாவரும் திருவிருந்து உண்டபின்னரே கறுப்பர் அழைக்கப்பட்டதைக் கண்டு, அச்சபையை விட்டு நீங்கினார்.

1845இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அவரைக் கிறிஸ்துவுக்குப் பகைவரென மயங்குவார் உளராவரென்று கருதி, அந்நூலின் இறுதியிலே ஒரு விளக்கஞ் சேர்த்தார். தாம் கண்டித்தது இயேசுவின் போதனையை அன்று, அதன் பெயரால் அடிமைகளை ஆள்வோரின் சமயத்தையே என்பதாம் அதன் கருத்து. பின்பு ஸ்கொத்துலாந்து சென்று, அடிமையாளரிடம் நன்கொடை பெற்ற சுயாதீன சபையார் அப்பணத்தைத் திருப்பியனுப்ப வேண்டுமென்று ஊர்தோறும் முழங்கினார். அவர்கள் அனுப்பவில்லை.

1865இல் அரசியற்சட்டத் திருத்தத்தினாலே அமெரிக்காவில் அடிமைத்தனம் ஒழிந்தது. 1877இல் மரணப்படுக்கையிற் கிடந்த தாமஸ் ஓல்டை டக்ளஸ் சென்று கண்டு, பகையின்றிக் கைகொடுத்து மீண்டார். போதனையை அறிந்த எசமானிடம் இல்லாத பொறை, அவன் அடிமையாயிருந்தவரிடம் இருந்தது. 1895இல் டக்ளஸ் தேகவியோகமாயினார்.

சைவ நன்மக்காள்! பிறர் குற்றங் கேட்டு மகிழ்வதற்காக இதனை எழுதினோமல்லோம். திருநாளைப்போவாரை அறுபத்துமூவருள் ஒருவராக வைத்து வணங்குகின்றோம். அவர்போலத் தாழ்ந்த குலத்தாரென்று ஒதுக்கப்பட்டோரையோ, 1968இலும் மாவிட்டபுரத்திலே கோயில் வாயிலில் மறித்தோம். திருவிருந்திலே கறுப்பரைப் பின்னிறுத்தியோருக்கும் நமக்கும் இதில் வேற்றுமை யாது? விபூதி நெற்றியில் மாத்திரம் நின்றால் அது வெறுஞ் சாம்பரே. கொள்கையின் உயர்வைச் சொல்லி ஒழுக்கத்தின் தாழ்வை மறைப்பது எச்சமயத்தார்க்கும் ஆகாது. டக்ளஸ் தம் எசமானர்முன் பிடித்த கண்ணாடியிலே நம் முகத்தையும் பார்த்துத் திருந்துவோமாக.