ஒருத்தரை மட்டுமே தூக்கிய ஹெலிகாப்டர்: இசை படித்த பைலட் கார்ட்டர் ஹார்மன்

தாராபுரம் பக்கம்னா, சூலூர் விமானப்படை ஹெலிகாப்டர் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்திருப்பீங்க. போர்க்களத்துக்குள் ஹெலிகாப்டரில் போய் ஆட்களை மீட்ட முதல் பைலட், இந்தியாவிலிருந்துதான் கிளம்பினார், தெரியுமா?

கார்ட்டர் ஹார்மன். 1918-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படிச்சது இசை! இரண்டாம் உலகப்போர் அவரை அமெரிக்க ராணுவ பைலட் ஆக்கியது.

1944 ஏப்ரல். பர்மா காட்டில், ஜப்பானியப் படைகள் இருந்த பகுதியில், சிறிய விமானம் ஒன்று விழுந்துவிட்டது. அதில் பைலட்டும் மூன்று பிரிட்டிஷ் வீரர்களும். விமானம் இறங்க இடமே இல்லை. அஸ்ஸாமின் லாலாகாட்டில் இருந்த ஹார்மனுக்கு அழைப்பு போனது.

அவருடைய சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர், அந்த வெக்கையில் ஒருத்தரை மட்டும்தான் கூடுதலாகத் தூக்கும். அதனால நாலு டிரிப்! ஆற்று மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பணும். முதல் நாள் இரண்டு பேரை மீட்டதுமே எஞ்சின் சூடேறிப் படுத்துவிட்டது. காட்டில் இன்னும் இரண்டு பேர்! அந்த ராத்திரியை நினைச்சுப் பாருங்க.

மறுநாள் மற்ற இருவரும் தப்பினாங்க. கடைசி ஆள், அந்த விமானத்தின் பைலட். மேலே எழும்போது மரங்களுக்கிடையே இருந்து வீரர்கள் ஓடிவந்தாங்க. ஜப்பானியர்னு பதறினால், வந்தது நேசப்படையாம்!

போருக்குப் பிறகு நியூயார்க் டைம்ஸில் இசை விமர்சனம் எழுதினார்; டைம் பத்திரிகையில் இசை எடிட்டர் ஆனார். 2007-ல் மறைந்தார்.